குமாரமங்கலத்து ஜெனரல்: தலைமை ஏற்ற காலத்தில் பெரும்போர் காணாத தளபதியை எப்படி எடைபோடுவது?

பூந்துறைப் பெண் (உடுமலைப்பேட்டை)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் அமராவதிநகர் சைனிக் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். தன் வட்டாரத்திலிருந்து ராணுவத்தில் உயர்ந்த ஒருவரைப் பற்றி நான்கு பக்கம் எழுதி வரும்படி விடுமுறை வேலை கொடுத்திருக்கிறார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் ஜெனரல் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். என் அப்புச்சியின் ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். அங்கே திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிறபோதெல்லாம், "நம்ம குமாரமங்கலம் ஜமீன் வூட்டுப் பையன் பட்டாளத்துக்கே தலைவரா இருந்தாரு" என்று அவர் சொல்வதுண்டு. அதற்குமேல் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தேடிப் பார்த்ததில் கிடைத்தது எலும்புக்கூடு மட்டும்தான். 1913 ஜூலை 1-ல் பிறப்பு. இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளி, பிறகு வுல்விச் ராணுவக் கல்லூரி. 1933-ல் அதிகாரியாகச் சேர்க்கை. 1966 ஜூன் 8 முதல் 1969 ஜூன் 7 வரை தரைப்படைத் தலைமைத் தளபதி. 1970-ல் பத்ம விபூஷண். 2000 மார்ச் 13-ல் மறைவு. இவற்றை வரிசையாகப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "இவர் எந்தப் போரை ஜெயிச்சாரும்மா?" என்று மகள் கேட்டாள். 1965 போரின்போது தளபதி சௌத்ரி, 1971 போரின்போது தளபதி மானெக்ஷா, இவரோ இரண்டுக்கும் நடுவில் இருந்தவர். என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இங்கே படையில் இருந்தவர்களும் வரலாறு படித்தவர்களும் இருக்கிறீர்கள். அந்தப் பெண்ணுக்குச் சொல்லத்தக்கதாக இந்த வாழ்க்கையில் என்ன இருக்கிறது?

சுபேதார், பணி ஓய்வு (பவானி)

அம்மிணி, நான் பீரங்கிப்படைக்காரன். 1974-ல் கோயம்புத்தூரில் ஆள் எடுத்தபோது சேர்ந்து, நாசிக் ரோடு முகாமில் பயிற்சி பெற்றவன். அவரும் பீரங்கிப்படைக்காரர்தான் என்பதால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு வெள்ளைக்காரன் இந்தியனைத் துப்பாக்கி தூக்க விட்டானே தவிர, மலைப் பீரங்கிகளைத் தவிர்த்த மற்றப் பெரிய பீரங்கிகளின் பக்கம் நெருங்க விடவில்லை. தன் கையை விட்டுப் போனால் தன்மேலேயே திரும்பக்கூடிய ஆயுதம் என்ற பயம் அவனுக்கு எழுபது எண்பது ஆண்டுகள் இருந்தது. காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் அதிகாரிகளை உருவாக்கியது சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரி. பீரங்கிக்கும் பொறியாளர் படைக்கும் உரியது வுல்விச் கல்லூரி. அங்கே கணிதத்தில் தேறாதவன் நிற்க முடியாது. அந்த வாசல் வழியாக வெளியே வந்த இந்தியர்களில் பிரேம் சிங் கியானி முதலாமவர், அடுத்த ஆண்டு வந்தவர் நம் குமாரமங்கலம். 1935-ல் பெங்களூரில் இந்தியர்களே இயக்கும் முதல் களப் பீரங்கிப் பிரிவு எழுப்பப்பட்டது. இத்தனை காலம் பூட்டியிருந்த கதவு திறந்தபோது உள்ளே நுழையத் தயாராக நின்ற ஒரு சிலரில் அவரும் ஒருவர் என்பதைக் குழந்தைக்கு முதலில் சொல்லுங்கள்.

இரண்டாவது, லிபியப் பாலைவனத்தில் 1942 மே 27. கசாலாச் சண்டை என்று வரலாற்றில் பெயர். ஜெர்மன் தளபதி ரோமல் தன் கவசப்படையைத் தெற்கே சுற்றி அனுப்புகிறார். அந்தச் சுற்றுப் பாதையில், பீர் ஹக்கீமுக்குத் தென்கிழக்கே, வரைபடத்தில் 171 என்று உயர எண் மட்டும் குறித்த வெற்றுமேட்டில் 3-ஆவது இந்திய மோட்டார் பிரிகேட் முந்தைய நாள்தான் வந்து பள்ளம் பறித்துக்கொண்டிருக்கிறது. விடிந்ததும் இத்தாலியரின் அரியெட்டே டாங்குப் பிரிவு அதன்மேல் ஏறி வருகிறது. அங்கே இருந்த 2-ஆவது களப் பீரங்கி ரெஜிமென்டில் ஒரு பேட்டரியின் (சில பீரங்கிகள் கொண்ட பிரிவு) தலைவர் குமாரமங்கலம். 28 வயது முடிந்து 29 நடக்கிறது.

அவர்களிடம் இருந்தது 25 பவுண்டர். நான் சேர்ந்த காலத்திலும் பயிற்சிக்கு அந்தப் பீரங்கி இருந்தது, ஆகவே கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பீரங்கிக்கு ஆறு பேர். முதலாம் எண் தலைவர். இரண்டாம் எண் பின்கதவைத் திறந்து மூடுகிறவர், குண்டைத் தண்டால் இடித்து உள்ளே தள்ளுகிறவரும் அவரே. மூன்றாம் எண் குறி வைப்பவர். மற்ற மூவரும் குண்டும் மருந்தும் எடுத்துக் கொடுப்பவர்கள். குண்டு தனி, பித்தளைக் கூட்டில் மருந்து தனி. அந்தக் கூட்டுக்குள் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று பைகள்; எவ்வளவு தூரம் போக வேண்டுமோ அதற்கேற்ப இத்தனை பை என்று கணக்கு. சாதாரணமாக இந்தப் பீரங்கி எதிரியைப் பார்க்காமலேயே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் சுடுவதற்கானது. டாங்கு கண்ணெதிரே வந்துவிட்டால் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அடியில் இருக்கும் வட்டத் தட்டின்மேல் பீரங்கியைச் சுழற்றி, நேரே பார்த்துக் குறி வைத்து, சில நூறு மீட்டரில் வருவதை அடிக்க வேண்டும். மறைப்பாக முன்னால் இருப்பது இடுப்பளவுக்குச் சற்று மேலான ஓர் இரும்புத் தகடு மட்டும். டாங்கு சுட்டுக்கொண்டே வரும், நீங்கள் ஓடக்கூடாது. மேடு வீழ்ந்தது. ஆனாலும் வீழ்வதற்கு முன் அந்தப் பீரங்கிகள் செய்த சேதத்துக்காகத்தான் அவருக்கு டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் கொடுத்தார்கள். அந்தப் போரில் இந்திய அதிகாரிகளுக்கு அது எளிதில் கிடைத்த பதக்கம் அல்ல.

செங்கோட்டுவேலன் (திருச்செங்கோடு)

சுபேதார் ஐயா சொன்ன 1942-க்குப் பக்கத்தில் இன்னொரு படத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். பள்ளியில் முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்தியும் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கே நெடுநாள் ஆயிற்று.

தந்தை டாக்டர் ப. சுப்பராயன், குமாரமங்கலம் ஜமீன்தார், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர். தாய் ராதாபாய் மங்களூர்க்காரர், 1930-ல் லண்டன் முதல் வட்டமேஜை மாநாட்டுக்குச் சென்ற இந்தியப் பெண் பிரதிநிதிகள் இருவரில் ஒருவர். நான்கு பிள்ளைகளில் மூத்தவர் நாம் பேசும் ஜெனரல். அடுத்து கோபால், பிறகு மோகன், பிறகு பார்வதி. மோகனும் பார்வதியும் இங்கிலாந்துக்குப் படிக்கப் போய்க் கம்யூனிஸ்ட்டுகளாகத் திரும்பினார்கள். உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே பி. ராமமூர்த்தி முதலானோருடன் சென்னைச் சதி வழக்கில் மோகன் குற்றம் சாட்டப்பட்டுச் சிறை சென்றார். மூத்த மகன் பிரிட்டிஷ் அரசரின் கமிஷனை, அதாவது அதிகாரி நியமனத்தை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாலைவனத்தில் பீரங்கி நடத்துகிறார். இளைய மகன் அதே அரசருக்கு எதிராகச் சதி செய்ததாகச் சிறையில் இருக்கிறார். தகப்பனாரோ 1939-ல் ராஜாஜி அமைச்சரவையோடு பதவி விலகிய காங்கிரஸ்காரர். திருச்செங்கோட்டு மலைக்கு அந்தப் பக்கம் ஒரே வீட்டுக்கு வந்த தபால்களை நினைத்துப் பாருங்கள்: ஒன்று ராணுவத் தணிக்கை முத்திரையோடு வந்திருக்கும், இன்னொன்று சிறைத் தணிக்கை முத்திரையோடு. தபாலை நான் பார்க்கவில்லை, ஊகம்தான். ஆனால் வேறு எப்படி வந்திருக்க முடியும்?

பாலைவனத்தில் பிடிபட்ட ஜெனரலும் கைதியானார். இத்தாலியில் அடைபட்ட முகாமில் அவரோடு இருந்தவர்களில் இருவர் பிற்காலத்தில் பாகிஸ்தானின் ஜனாதிபதியான யாஹ்யா கானும், அந்நாட்டின் வெளியுறவு அமைச்சரான சாஹிப்சாதா யாகூப் கானும். 1943-ல் இத்தாலி சரணடைந்த குழப்பத்தில் குமாரமங்கலம் தப்பினார், ஜெர்மானியர் மறுபடியும் பிடித்தார்கள். இந்தமுறை கொண்டுபோய் அடைத்தது ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்ற முகாமில். பிடிபட்ட விமானப்படை அதிகாரிகளை வைப்பதற்கென்று ஜெர்மனி கட்டிய காவல் மிகுந்த இடம் அது.

நொய்யல்வாசி (திருப்பூர்)

மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. இந்த மனிதர் வீரர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கொங்கு நாட்டுப் பிள்ளைக்கு இவரை முன்மாதிரியாக எழுதச் சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. முதலமைச்சரின் மகன், ஈட்டனில் படித்தவர். அன்றைக்கு எங்கள் தாத்தன் மாடு கட்டிக் கிணற்றில் கவலை ஓட்டிக்கொண்டிருந்தார், அவருக்குப் பள்ளிக்கூடமே எட்டாத தூரம். வுல்விச்சின் வாசல் திறந்தது என்கிறீர்கள், சரி, அந்த வாசல் வரைக்கும் நடந்து போக யாருக்கு வண்டி இருந்தது என்பதையும் எழுத வேண்டாமா? அவர் உயர்ந்த வேகத்தையும் பாருங்கள். 1947-ல் வெள்ளை அதிகாரிகள் கிளம்பிப் போனதும் மேல் நாற்காலிகள் எல்லாம் ஒரே நாளில் காலி. முப்பதுகளில் இருந்த இந்திய அதிகாரிகள், வேறு காலமாக இருந்தால் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய இடங்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் போனார்கள். அவர் 52 வயதில் தலைமைத் தளபதி. இன்றைக்கு ஒருவர் அந்த இடத்துக்கு வரும்போது அறுபதைத் தொட்டுக்கொண்டிருப்பார்.

அதைவிட முக்கியமான கேள்வி, குழந்தை கேட்டதுதான். தளபதியாக இருந்த மூன்றாண்டில் பெரும்போர் எதுவும் இல்லை. அதற்கு முன் 1965 போரின்போது அவர் டெல்லித் தலைமையகத்தில் துணைத் தலைமைத் தளபதி. போர்நிறுத்தத்துக்கு ஒப்பலாமா என்று பிரதமர் சாஸ்திரி கேட்டபோது, குண்டுகள் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டன என்று தலைமையகம் சொன்னதாகவும், பிறகு எண்ணிப் பார்த்தால் முன்வரிசைக் கையிருப்பில் 14 சதவீதம்தான் செலவாகியிருந்தது என்றும் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். பனியன் கம்பெனி நடத்துகிற எனக்கே, கையிருப்புக் கணக்கு தெரியாமல் ஆர்டருக்குப் பதில் சொல்லக்கூடாது என்று தெரியும். சொன்னவர் சௌத்ரியாக இருக்கலாம். பக்கத்து அறையில் இருந்தவருக்கு அதில் பங்கே இல்லையா?

குன்னூர்க் குளிர் (வெலிங்டன்)

நான் ராணுவ வீரன் அல்ல. வெலிங்டனில் ராணுவ அலுவலகத்தில் 31 ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். என் ஆயுளில் நான் தொட்ட ஆயுதம் பேனாவும் தட்டச்சுப் பொறியும்தான். அந்தப் பக்கத்திலிருந்து நொய்யல்வாசி அண்ணாவுக்குப் பதில் சொல்ல முயல்கிறேன்.

படையில் உயர்ந்தவரின் வாழ்க்கையை எந்தப் போரை வென்றார் என்ற ஒரே கேள்வியால் அளந்தால், எண்ணிக்கையில் பத்தில் ஒன்பது பேரின் வாழ்க்கைக்கு விடையே கிடைக்காது. போர் சில வாரங்கள் நடக்கிறது. அதற்கான படையை உருவாக்குவதோ பல ஆண்டுகள் நடக்கிறது. உருவாக்குகிறவரும் போரை நடத்துகிறவரும் ஒரே ஆளாக அமைவது அபூர்வம்.

1962 சீனப் போரில் வடகிழக்கில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். மலை உச்சியில் நின்றவனிடம் பனிக்கு ஏற்ற உடுப்பு இல்லை, பீரங்கியை மேலே ஏற்றப் பாதை இல்லை. அந்தத் தோல்வி முடிந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், 1963 மே மாதம், சீன எல்லையின் கிழக்குப் பகுதி முழுவதற்கும் பொறுப்பான கிழக்குக் கட்டளையகத்தைக் குமாரமங்கலத்திடம் கொடுத்தார்கள். தரைப்படையை 8,25,000 பேராக, 25 டிவிஷன்களாக உயர்த்துவது, அதில் 10 மலைப்போருக்கென்றே அமைப்பது என்று டெல்லி முடிவு செய்த காலம் அது. செய்தித்தாளில் இது ஒரு வரி. எங்களைப்போன்றவர் மேசைக்கு வரும்போது எப்படி வரும் தெரியுமா? ஒரு மலை டிவிஷனுக்கு எத்தனை கோவேறு கழுதை, ஒரு கழுதைக்கு எத்தனை லாடம், லாடம் அடிக்க எத்தனை ஆள், அந்த ஆளுக்கு எந்த அளவு பூட்ஸ், பனிமலையில் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் தண்ணீரில் பருப்பு வேக எவ்வளவு மண்ணெண்ணெய் என்று வரும். ஒரு பட்டியலில் ஓர் எண் தவறினால் மேலே யாரோ ஒரு பையன் வெறுங்காலோடு நிற்பான். நான் சேர்ந்த காலத்தில் அந்த 1960-களின் பட்டியல்களைத் திருத்தித் திருத்தித்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். ஓரங்களில் மங்கிய பென்சில் எழுத்துகள் இருக்கும். யாருடைய கையெழுத்து என்று தெரியாது, ஆனால் யாரோ கூட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் கட்டுமானத்தின் நடுக் கண்ணியாக இருந்தவர் அவர். முதலில் கிழக்கே, பிறகு தலைமையகத்தில், பிறகு தலைமைப் பதவியில். 1971-ல் மானெக்ஷா கையில் எடுத்த கருவி ஓர் இரவில் உருக்கி வார்த்தது அல்ல. மானெக்ஷாவின் புகழில் கால் பங்கு கேட்கவில்லை. கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதியவன் யார் என்று மட்டும் குழந்தை கேட்டால் போதும்.

1965 கையிருப்பைப் பற்றிய குற்றச்சாட்டை மறுக்க மாட்டேன். அது தலைமையகத்தின் பிழை, அவர் அந்தத் தலைமையகத்தில் இருந்தார். இதையும் அந்த நான்கு பக்கத்தில் எழுதலாம் என்பதே என் எண்ணம்.

நொய்யல்வாசி (திருப்பூர்)

குற்றத்தை ஒப்புக்கொண்டு வாதாடுகிறவரோடு சண்டை போடுவது கடினம், அண்ணா. கழுதை லாடக் கணக்கு எனக்குப் பிடித்தது. எங்கள் தொழிலிலும் பொத்தான் கணக்கு தவறினால் கப்பல் நிற்கும். இருந்தாலும் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. எதிரியிடம் கைதியாகி மூன்றாண்டு முகாமில் கழித்தவர் படைக்கே தலைவராவது எப்படி? இங்கே ஊரில் ஒருவன் சிட் பண்டு நடத்தி நொடித்தால் ஆயுளுக்கும் அவனிடம் பெட்டிச் சாவியைக் கொடுக்க மாட்டோம்.

சுபேதார், பணி ஓய்வு (பவானி)

தம்பி, உவமை பொருந்தவில்லை. சிட் பண்டுக்காரன் அடுத்தவன் காசோடு ஓடினான். இவர் ஓடாததால் பிடிபட்டார். பீரங்கிப்படையில் கொடிக்குக் கொடுக்கிற மரியாதையை நாங்கள் பீரங்கிக்குத்தான் கொடுப்போம்; எங்களுக்குத் தனியாகக் கொடி கிடையாது. கொடியை விட்டுவிட்டு ஓடுவது காலாட்படைக்கு எவ்வளவு இழிவோ, பீரங்கியை விட்டுவிட்டு ஓடுவது எங்களுக்கு அவ்வளவு இழிவு. சுட்டுக்கொண்டே சூழப்பட்டவனைப் படை குறைவாகப் பார்ப்பதில்லை. ஆகவேதான் பதக்கமும் சிறையும் ஒரே பாலைவனத்திலிருந்து வந்தன.

பெரும்போர் இல்லை என்று சொன்னீர்கள், பெரும்போர் இல்லைதான். ஆனால் அவர் தளபதியாக இருந்த இரண்டாம் ஆண்டில், 1967 செப்டம்பர் 11-ல், சிக்கிம் எல்லையில் நாது லா கணவாயில் முள்கம்பி வேலி இழுத்துக்கொண்டிருந்த நம் ஆட்கள்மேல் சீனர்கள் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். திறந்த வெளியில் நின்றவர்கள் அங்கேயே சாய்ந்தார்கள். ஐந்தாண்டுக்கு முன்னாலாக இருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். இந்தமுறை சேபு லாவிலும் ஒட்டக முதுகு என்று பெயர் வைத்த முகட்டிலும் நம் கண்காணிப்பாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் எதிரியின் பங்கர்கள் கைரேகைபோலத் தெரியும். அவர்கள் சொல்லச் சொல்லப் பின்னாலிருந்த பீரங்கிகள் சுட்டன, மூன்று நாள் ஓயவில்லை. களத்தில் முடிவெடுத்தவர் டிவிஷன் தளபதி சகத் சிங், அவருக்கு மேலே கிழக்குக் கட்டளையகத்தில் மானெக்ஷா. புகழ் அவர்களுக்கு உரியது. அந்த உயரத்துக்குப் பீரங்கி ஏறியிருந்ததும், அருகே குண்டு குவிந்திருந்ததும், பனியுடுப்போடு ஆள் நின்றதும் 1963-லிருந்து செய்த வேலை. அக்டோபர் முதல் தேதி சோ லாவிலும் மோதல் வந்தது, அங்கும் சீனர் பின்வாங்கினார்கள். பீரங்கிப்படைக்காரர் ஒருவர் படைத்தலைவராக இருந்த காலத்தில் பீரங்கியே பேசி முடித்த சண்டை என்று நாங்கள் எங்கள் மெஸ்ஸில் பெருமையடித்துக்கொள்வோம். அந்தப் பெருமையில் கொஞ்சம் மிகை இருக்கலாம். பீரங்கிப்படைக்காரனுக்கு மிகை சம்பளத்தோடு சேர்ந்து வருவது.

மில்ரோட்டுக்காரன் (கோயம்புத்தூர்)

தாமதமாக வருகிறேன். செங்கோட்டுவேலன் ஐயா குடும்பத்தைச் சொன்னவர், ஒரு முக்கியமான முடிச்சை அவிழ்க்காமல் விட்டுவிட்டார்.

என் தகப்பனார் பஞ்சாலைத் தொழிலாளி. எங்கள் வீட்டில் ஜெனரல் குமாரமங்கலம் என்றால் யாருக்கும் தெரியாது. 'பார்வதி அம்மாவின் அண்ணன்' என்றால்தான் தெரியும். பார்வதி கிருஷ்ணன் இங்கேயே வாழ்ந்தவர். 1957-ல் கோயம்புத்தூர் நாடாளுமன்ற உறுப்பினர், பிறகு 1974 இடைத்தேர்தலிலும் 1977-லும் வென்றவர், 2014-ல் இந்த ஊரிலேயே மறைந்தவர். சிங்காநல்லூர்ப் பக்கம் ஆலை வாசல் கூட்டத்தில் அவர் பேசும்போது, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து என் தகப்பனார் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொள்வார். தலைவர் பேசுகையில் புகை விடுவது அவருக்கு மரியாதைக் குறைவு.

இப்போது தேதியைப் பாருங்கள். 1962 நவம்பரில் சீனப் போரை ஒட்டி நாடெங்கும் கம்யூனிஸ்ட்டுகளைப் பிடித்து உள்ளே போட்டார்கள். கம்யூனிஸ்ட் என்றால் சீனாவின் ஆள் என்று தெருவில் கல்லெறிந்த காலம். அதற்கு ஆறு மாதம் கழித்துச் சீனாவைப் பார்த்து நிற்கும் படை முழுவதையும், தம்பியும் தங்கையும் ஊரறிந்த கம்யூனிஸ்ட்டுகளாக இருந்த ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். மூன்றாண்டு கழித்து மொத்தப் படையையும் கொடுத்தார்கள். பார்வதி அம்மா அண்ணனுக்காகக் கட்சியை விடவில்லை. அண்ணனும் தங்கைக்காக வேலையை விடவில்லை. யாரும் அவரைப் பார்த்து 'நீ எந்தப் பக்கம்?' என்று கேட்டதாக நான் படித்ததில்லை. நொய்யல்வாசி அண்ணா கேட்டாரே, நாற்காலி காலியாக இருந்ததால் உட்கார்ந்தார் என்று, அந்தக் கணக்கில் இது அடங்காது. ஜமீன் பிறப்பு அவருக்கு வுல்விச்சைக் கொடுத்திருக்கலாம். 1963-ல் அந்தப் பிறப்பே அவருக்குப் பாரமாக இருந்திருக்க வேண்டும்.

நொய்யல்வாசி (திருப்பூர்)

இந்தத் தேதிக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. என் முதல் ஆட்சேபத்தை விட்டுக்கொடுக்கிறேன், இரண்டாவதை விடவில்லை. கிழக்கே அவர் கட்டியதை ஏற்கிறேன். டெல்லியில் 14 சதவீதக் கணக்கு அப்படியே நிற்கட்டும்.

செங்கோட்டுவேலன் (திருச்செங்கோடு)

நிற்கட்டும், அதுவும் அவர் வாழ்க்கையில் ஒரு பகுதிதானே.

பிள்ளைக்குப் பயன்படக்கூடிய ஒன்றைச் சேர்க்கிறேன். அரசரின் கமிஷனை இங்கிலாந்தில் பெற்ற இந்திய அதிகாரிகளில் படைத்தலைவரான கடைசி ஆள் குமாரமங்கலம். அவருக்குப் பின் வந்த மானெக்ஷா, 1932-ல் டேராடூனில் திறந்த இந்திய ராணுவக் கழகத்தின் முதல் வகுப்பு. 1969 ஜூன் 8-ல் அந்த நாற்காலி கைமாறியபோது கடல் தாண்டிப் படித்தால்தான் தளபதி ஆகலாம் என்ற காலம் முடிந்தது. நொய்யல்வாசி கேட்ட 'வாசல் வரைக்கும் போக வண்டி' என்ற கேள்விக்கு ஒரு பதில் 1962-லேயே அமராவதி அணைக்குப் பக்கத்தில் கட்டிடமாக எழும்பியது. அந்தக் கட்டிடத்தில்தான் உங்கள் மகள் இப்போது எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். நம் பிள்ளைகள் ரிக் வண்டி ஏறி ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று போய் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறார்கள். அந்தத் துணிச்சலுக்குக் குறைவே இல்லை. அதிகாரிகள் தேர்வு எழுதுகிறவர்கள்தான் நம் பக்கத்தில் குறைவு. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டைபோல வீட்டுக்கு வீடு பட்டாளம் என்ற வழக்கம் நமக்கு இல்லாததும் ஒரு காரணம்.

பூந்துறைப் பெண் (உடுமலைப்பேட்டை)

அனைவருக்கும் நன்றி. மூன்று நாள் மாலையும் இந்த இழையை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் எழுதி முடித்துவிட்டாள். முதல் பக்கத்தில் பெங்களூரில் எழுப்பிய பீரங்கிப் பிரிவு. இரண்டாம் பக்கத்தில் கைதி முகாம். அதிலேயே ஒரு மூலையில், சிறையில் இருந்த தம்பியைப் பற்றி இரண்டு வரி. மூன்றாம் பக்கத்தில் கோவேறு கழுதைகளும், 14 சதவீதமும், நாது லாவும். 14 சதவீதத்தை விட்டுவிடலாமா என்று நான்தான் கேட்டேன். "எழுதாம விட்டா அந்தத் திருப்பூர் மாமா ஒத்துக்க மாட்டாரும்மா" என்றாள்.

நான்காம் பக்கம் முழுவதும் படம். பாலைவனம், தூரத்தில் டாங்குகள், முன்னால் ஒரு 25 பவுண்டரும் ஆறு பேரும். ஆறு பேருக்கும் பின்னல் போட்டு ரிப்பன் கட்டியிருக்கிறாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் எண்ணை மட்டும் இன்னும் வரையவில்லை. குறி வைப்பவர் பீரங்கிக்கு எந்தப் பக்கம் உட்காருவார் என்று தெரியாமல் வரைய மாட்டேன் என்கிறாள். சுபேதார் ஐயா, தயவுசெய்து சொல்லுங்கள்.

சுபேதார், பணி ஓய்வு (பவானி)

இடப்பக்கம், அம்மிணி. பின்னாலிருந்து பார்த்தால் இடப்பக்கம். இருக்கை சின்னதாக இருக்கும், ஒரு கண் குறிக்கருவியில் இருக்கும், கை இரண்டும் சக்கரத்தில் இருக்கும். இரண்டாம் எண்ணை வலப்பக்கம் நிறுத்தச் சொல்லுங்கள், பின்கதவுக் கைப்பிடி அங்கேதான். ரிப்பன் இருக்கட்டும்.